மதில் கேள்விக்கு நீங்கள் போட்ட விடை

கூடப் பிறக்காத என் பத்மாக்காவுக்கு,

கோவப்படாம படிங்க. கோவப்பட்டாலும் பரவால்ல, முழுசாப் படிச்சுட்டுக் கோவப்படுங்க. பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போற பழக்கம் உங்களுக்கு உண்டு, அதான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

முதல்ல வீட்டு விசயம். உங்க வீட்டுக்கு ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு வந்திருக்கு. நல்ல சனங்கதான். கறிவேப்பிலை மரத்தை மட்டும் வெட்டப் பார்த்தாங்க, வேலியோரம் நின்னு ஒரு சத்தம் போட்டேன், விட்டுட்டாங்க. ஈப்போவுல நம்ம சிலிபின் பக்கம் மழை பெஞ்சா லோரோங் சந்துல இன்னமும் தண்ணி நிக்குது. நான் அதே கிளினிக்ல, அதே கவுண்டர்ல உட்காந்து நோயாளிங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். உங்க லேப்டாப் என்கிட்டதான் இருக்கு. "நீங்களே வச்சுக்குங்கக்கா, எங்களுக்கு செஸ்ஸும் தெரியாது, ஒண்ணும் தெரியாது"ன்னு உங்க தம்பி கொண்டாந்து கொடுத்துட்டாரு.

இந்தக் கடிதத்தை மத்தவங்களும் படிக்கப் போறாங்க. அதனால உங்களுக்குத் தெரிஞ்ச கதையையே உங்ககிட்ட திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு. இத்தனை வருசமா நீங்கதான் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி என் உயிரை எடுத்தீங்க. இப்ப என் முறை.

நீங்க தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில கதவு சோதிச்சவங்க. செஞ்சு முடிச்ச காரோட கதவைத் திறந்து மூடி, சத்தத்தை வச்சே இது சரி, இது சரியில்லைன்னு பிரிக்கிற வேலை. அதை முடிச்சுட்டு ஈப்போவுக்கு வந்து என் பக்கத்து வீட்ல குடியேறினீங்க. மத்த பொம்பளைங்க கோயில், கல்யாணம், பேரப்பிள்ளைன்னு போனா, நீங்க செஸ் ப்ரோகிராமைச் சோதிக்கக் கிளம்பிட்டீங்க. எதுக்குக்கா இந்த வேலைன்னு கேட்டதுக்கு, "கதவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் செல்வி? எங்க சரியா மூடலன்னு பாக்கணும், அம்புட்டுத்தான்"னீங்க.

ப்ரோகிராம் வள்ளியப்பன் தம்பியோடது. ஒரு செஸ் போட்டியில உங்களுக்குப் பழக்கமானவரு. செட்டிநாட்டுக் குடும்பம், கணக்கு ஆபீஸ்ல வேலை, சத்தமாப் பேசத் தெரியாத மனுசன். வேலை முடிஞ்சு வந்து சொந்தமா ஒரு செஸ் ப்ரோகிராம் எழுதிக்கிட்டிருந்தாரு. அவரு வீடு இருக்கிற தாமான் குடியிருப்பு ஒரு காலத்துல உங்கம்மா பால்மரம் சீவின ரப்பர் தோட்டம். "எங்கம்மா கொசுக்கடியில நின்ன எடத்துல நீ ஏர்கோன் போட்டு உட்காந்திருக்க, அதுக்காவது ஒழுங்கா எழுது தம்பி"ன்னு சீண்டுவீங்க. "எழுதுறேன்லா அக்கா"ன்னு அவரும் சிரிச்சுக்குவாரு.

அந்த ப்ரோகிராமை மாட்டிவிடுறதுதான் உங்க வேலை. போர்டுல காய்களை ஒரு மாதிரி நிறுத்தி, இதுல யாரு ஜெயிப்பா, எந்தக் காயை நகத்தணும்னு கேப்பீங்க. லேசான கேள்வின்னா எந்த ப்ரோகிராமும் பட்டுன்னு சொல்லிடும். உங்க கேள்வி அப்படியா இருக்கும்? ஒரு பக்கம் நிறையக் காய் இருக்கும், ஆனா ஜெயிக்க வழி இருக்காது. இல்லன்னா ராணியைத் தூக்கிக் கொடுத்தாத்தான் தப்பிக்க முடியும். காயை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்ற ப்ரோகிராம் அங்க தடுமாறும். அது தடுமாறினா உங்க முகத்துல வர்ற சந்தோசத்தைப் பார்க்கணுமே.

நான் உள்ள வந்தது உங்க கண்ணு ஆபரேசனால. ஸ்க்ரீனைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்னு கூப்பிட்டீங்க. அப்ப நான் வேலை செஞ்ச கடையை மூடிட்டாங்க, கிளினிக் வேலை இன்னும் கிடைக்கல. வீட்ல குந்திக்கிட்டு, வர்றவங்க போறவங்க மேலல்லாம் எரிஞ்சு விழுந்துக்கிட்டு இருந்தேன். உங்க மேலயும்தான் விழுந்தேன். "எனக்குக் குதிரை எப்படி நடக்கும்னே ஒழுங்காத் தெரியாது, என்னைப் போயி கூப்பிடுறீங்க"ன்னேன். "நடக்கத் தெரியாத குதிரைதான் வேணும், வா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனீங்க.

ஒரு நாளு ஸ்க்ரீனைப் பார்த்துட்டு, தெரியாத்தனமா ஒண்ணு கேட்டேன். "இந்த பிஷப் எந்தப் பக்கமும் போக முடியாம அடைஞ்சு கிடக்கே, அப்புறம் எப்படிக்கா இது ஜெயிக்கும்னு சொல்லுது?" நீங்க திரும்பி என்னையே பார்த்தீங்க. நான் ஏதோ உளறிட்டேன்னு நினைச்சேன். "நல்லா ஆடுறவன் எவனும் இதைக் கேக்க மாட்டான் செல்வி. இனிமே நீ கேளு, நான் பாக்குறேன்"னீங்க. எங்க வீட்ல நான் வாயைத் திறந்தாலே உனக்கு என்ன தெரியும்பாங்க. நீ கேளுன்னு என்கிட்ட சொன்ன முதல் ஆள் நீங்கதான். இதை உங்ககிட்ட நேர்ல சொன்னதில்ல. சொல்லியிருந்தா, போடி வேலையைப் பாருன்னிருப்பீங்க.

உங்க சட்டமெல்லாம் ஞாபகம் இருக்குக்கா. கேள்விகளை வள்ளியப்பன் கண்ணுல காட்டவே கூடாது. தெரிஞ்சா அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற மாதிரி ப்ரோகிராமைப் பழக்கிடுவாரு, அப்புறம் அது பரீட்சையே இல்லம்பீங்க. அதனால அவரு புதுசா ஏதாவது எழுதிக் கொண்டாந்தா, பாவம், போர்ச்ல பிளாஸ்டிக் நாற்காலியில உட்காந்திருப்பாரு. நாம உள்ள கதவைச் சாத்திக்கிட்டு சோதிப்போம்.

நேரத்துக்கும் ஒரு கணக்கு வச்சிருந்தீங்க. ஒரு கேள்விக்கு ஒரு தே ஓ. பால் ஊத்தாத டீயைச் சுடச்சுட கொண்டாந்து வைக்கணும், அது வாயில வைக்கிற பதத்துக்கு ஆறுற வரைக்கும் ப்ரோகிராம் யோசிக்கலாம். நீங்க முதல் மடக்கு குடிச்சா நேரம் முடிஞ்சுது. பதில் தப்புன்னா தொழிற்சாலையில கத்துன மாதிரியே மலாய்ல "சலா"ன்னு கத்துவீங்க. போர்ச்ல நாற்காலி கிறீச்சுன்னு நகரும். எந்தக் கேள்வி சலான்னு அவருக்குச் சொல்ல மாட்டீங்க. எந்த மாதிரித் தப்புன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவீங்க.

அவருக்கு எப்பவும் சலா விழுந்தது மதில் கேள்வியிலதான். போர்டுக்கு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ரெண்டு பக்கத்துச் சிப்பாய்களும் முட்டிக்கிட்டு நிக்கும், மதில் கட்டுன மாதிரி. ராஜாவைத் தவிர கறுப்புக்கு ஒரு பிஷப் மட்டும். வெள்ளைக்கு ரெண்டு கோட்டை. காயை எண்ணினா வெள்ளைக்குத்தான் ஜெயம். ஆனா அந்தக் கோட்டைங்க உள்ள நுழைய ஒரு சந்து கிடையாது. அதனால டிரா. நீங்க எழுதி வச்ச விடை அதுதான். ப்ரோகிராம் ஒவ்வொரு தடவையும் வெள்ளை ஜெயிக்கும்னு சொல்லிட்டு, கோட்டையை இப்படியும் அப்படியும் நகத்திக்கிட்டே இருக்கும். "உன் பிள்ளைக்கு மதில் கண்ணுக்குத் தெரியல தம்பி"ன்னு சொல்லி அனுப்புவீங்க, ப்ரோகிராமைத்தான் பிள்ளைம்பீங்க. அவரும் தலையை ஆட்டிட்டுப் போயி மறுபடி எழுதுவாரு.

அப்புறம் உங்களுக்கு உடம்புக்கு முடியாம போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டும், பிள்ளை எப்படி இருக்குன்னு கேட்டீங்க. உங்க தம்பி அவரு பிள்ளையைக் கேக்குறீங்கன்னு நினைச்சு, நல்லாப் படிக்கிறான்க்கான்னாரு. நீங்க என்னைப் பார்த்துக் கண்ணடிச்சீங்க. எனக்குச் சிரிப்பு வரல. அதுக்கப்புறம் உங்களை வீட்டுக்குக் கொண்டாந்தது வேற மாதிரிதான்.

கொஞ்ச மாசம் நான் லேப்டாப்பைத் தொடவே இல்ல. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை வள்ளியப்பன் தம்பி வாசல்ல வந்து நின்னாரு. ஆள் இளைச்சுப் போயிருந்தாரு. புதுசா எழுதியிருக்கேன், அக்கா கேள்வியெல்லாம் போட்டுப் பாப்பீங்களான்னு கேட்டாரு. நான் வாங்கன்னு சொல்லி முடிக்கல, அவரே போர்ச்ல நாற்காலியைத் தேடி உட்காந்துட்டாரு.

நான் தனியா உட்காந்து, ஒவ்வொண்ணுக்கும் டீ ஊத்தி வச்சு, எல்லாத்தையும் போட்டேன். எல்லாம் சரி. மத்த மதில் மாதிரிக் கேள்வியிலயும் இது டிரா, உள்ள போக முடியாதுன்னு அழகாச் சொல்லுச்சு. உங்க மதில் கேள்வி மட்டும் திரும்ப வெள்ளை ஜெயம்னுச்சு. டீ ஆறிடுச்சு, நிறுத்திட்டேன். கத்துறதுக்கு எனக்கு வாய் வரல. வெளிய போயி, "ஒண்ணு சலா தம்பி"ன்னு மெதுவாச் சொன்னேன்.

"மதில்தானேக்கா?"ன்னாரு. அவருக்கே தெரிஞ்சுபோச்சு.

அப்பதான் விசயத்தைச் சொன்னாரு. தீபாவளிக்கு ப்ரோகிராமை வெளிய விடப் போறாராம், யாரு வேணும்னாலும் சும்மா எடுத்து ஆடலாமாம். முதல் பக்கத்துல உங்க பேரு. "அக்கா சோதிச்சு எல்லாம் பெத்துல், எல்லாம் சரின்னு போடணும், ஒரு சலா கூட இருக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை சரி பண்ணிட்டு வாரேன். இம்மாம் பெரிய மதிலைப் பார்த்தா மேல யோசிக்கவே விடாம, உடனே டிரான்னு சொல்ல வச்சிடுறேன்"னாரு.

"வேற எங்கயாவது அது தப்பாப் போயிடாதா?"ன்னு கேட்டேன். நீங்க கேளுன்னு பழக்குனதாலதான் கேட்டேன்.

"போகலாம். ஆனா அக்கா விடை தப்பாப் போகாதுலா"ன்னுட்டுப் போயிட்டாரு.

மறுநாள் காலையில எனக்கு மனசு கேக்கல. உங்க மதிலை மறுபடி ஓட விட்டேன். டீ போடல, தனியா எத்தனை தே ஓ குடிக்கிறது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுச் சீனப் பொண்ணு அமோய் பாசாருக்கு வாறியான்னு கூப்பிட்டா, அப்படியே கிளம்பிட்டேன். மீன் வாங்கி, கீரை வாங்கி, அவ கூட கடையில உட்காந்து மீ நூடுல்ஸ் சாப்பிட்டு, வெயில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தேன். லேப்டாப் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஓட விட்டதே மறந்துபோச்சு.

ஸ்க்ரீனைப் பார்த்தா அது கோட்டையை இப்படியும் அப்படியும் நகத்துறதை விட்டுருச்சுக்கா. ஒரு கோட்டையைக் கொண்டுபோயி மதில்ல இருக்கிற ஒரு சிப்பாய்க்குச் சும்மா கொடுக்குது. அதைக் கறுப்பு வெட்டினதும் இன்னொரு கோட்டையையும் கொடுக்குது. பைத்தியமான்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா மதில்ல ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியா வெள்ளை ராஜா உள்ள நடந்து போறாரு, சிப்பாயை ஒவ்வொண்ணாப் பொறுக்குறாரு. அந்த பிஷப் ஒத்த ஆளா எதைன்னு காப்பாத்தும்?

நான் நம்பல. மீனை ஃப்ரிட்ஜுல கூட வைக்காம உங்க போர்டை விரிச்சுக் காயை அடுக்கினேன். கறுப்புக்கு நான் ஆடினேன், தோத்தேன். நான் தோக்கிறது ஒண்ணும் அதிசயமில்ல. அதனால வேற ஒரு ப்ரோகிராமைக் கறுப்புக்கு உட்கார வச்சேன். அதுவும் தோத்துச்சு. எப்படி மாத்தி ஆடினாலும் தோத்துச்சு. அந்த மதில் திறக்கும்க்கா. டீ ஆறுற நேரத்துக்குள்ள திறக்காது, அவ்வளவுதான். கேள்வியை வெளிய யாருக்கும் காட்டாததால உங்க விடையைச் சரிபார்க்க ஒருத்தரும் இல்லாம போயிட்டாங்க. நானும் உங்க விடையைப் பார்த்துத்தான் சலா போட்டேன்.

அன்னைக்கு உங்க மேல எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. ஏன்க்கா, இன்னொரு டீ குடிச்சாத்தான் என்ன? அந்த மனுசன் எத்தனை வருசம் அந்த நாற்காலியில உட்காந்து, தன் பிள்ளைக்குக் கண்ணு தெரியலன்னு நம்பிக்கிட்டுப் போனாரு.

அந்த வாரம் பூரா எனக்குள்ள ஒரே இழுபறி. சொல்லலன்னா, உங்க தப்பு விடைக்காக அவரு நல்லாப் பார்க்கிற கண்ணைத் தானே குத்திடுவாரு, அது மேல உங்க பேரை வேற போடுவாரு. சொன்னா, அக்கா விடை தப்பாப் போகாதுன்னு ஒரு மனுசன் வச்சிருக்கிற நம்பிக்கையை நானே உடைக்கணும். நீங்க இருந்தா சண்டை போட்டு உங்களைக் காப்பாத்திக்குவீங்க. இல்லாதவங்களை எப்படிக் குத்தம் சொல்றது? கிளினிக்ல ஒரு அம்மா பேருக்கு இன்னொரு அம்மாவைக் கூப்பிட்டு, டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

கடைசியில எனக்கு ஒண்ணு தோணுச்சு. அடைஞ்சு கிடந்த பிஷப்பைப் பத்தி அன்னைக்கு நான் கேட்டப்ப, நீங்க வாயை மூடுன்னு சொல்லலையே. சொல்லியிருந்தா நான் இன்னும் வீட்ல எரிஞ்சு விழுந்துக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். உங்ககிட்ட கேக்கலாம்னு எனக்குக் கத்துக் கொடுத்ததே நீங்கதான். இப்ப உங்களுக்காக வாயை மூடினா, அது உங்களுக்குச் செய்ற மரியாதையா?

சனிக்கிழமை வந்தாரு. நேரா நாற்காலிக்குத்தான் போனாரு. "உள்ள வாங்க தம்பி"ன்னேன். அவரு திகைச்சுப் போயிட்டாரு. "வேணாம்க்கா, அக்கா சட்டம்"னாரு. "அக்கா சட்டத்தை நான் உடைக்கிறேன், பழி எனக்கு. வாங்க"ன்னு கூட்டிட்டுப் போயி, லேப்டாப்பை அவரு பக்கம் திருப்பினேன். தன் பிள்ளை எழுதுற பரீட்சையை அன்னைக்குத்தான் முதல்முறையாப் பார்த்தாரு.

"விடை டிரா இல்ல தம்பி. வெள்ளை ஜெயம். உங்க ப்ரோகிராம்தான் சரி. பத்மாக்கா தப்பு"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

அவரு ஒவ்வொரு காயா நகத்திப் பார்த்தாரு. ரெண்டாவது கோட்டையைக் கொடுத்த இடத்துல நிறுத்தி, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. மறுபடி போட்டாரு, மறுபடி கழட்டினாரு. உங்களைப் பத்தி ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிட்டா அந்த மனுசனை என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது.

அப்புறம் சிரிச்சாரு. கண்ணுல தண்ணியோட சிரிச்சாரு. "செல்வி அக்கா, முதல்ல எழுதினப்ப அதுக்கு எந்த மதிலும் தெரியாது. கோட்டை கூடுதலா இருக்கேன்னு சும்மா ஜெயம்னு சொல்லும். அக்கா அன்னைக்கே பெத்துல்னு சொல்லியிருந்தா, நான் அதோட விட்டுருப்பேன். சலா சலான்னு சொல்லிச் சொல்லித்தான் மதில்னா என்னன்னு அதுக்குக் கத்துக் கொடுத்தேன். அது தெரிஞ்சதாலதான் இதுல ஓட்டை எங்க போடணும்னு அது தேடுச்சு. இந்த ஒரு கேள்வி இல்லன்னா என்கிட்ட ஒண்ணுமே இல்லக்கா"ன்னாரு.

சத்தமாப் பேசத் தெரியாத பிள்ளை அன்னைக்கு அவ்வளவு பேசிச்சு. சோறு போட்டேன், மீன் குழம்பு. ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. ப்ரோகிராம்ல ஒண்ணையும் வெட்டல. முதல் பக்கத்துல உங்க பேரு இருக்கு. எல்லாம் பெத்துல்னு போட வந்தவரு, இத்தனை வருசம் சளைக்காம சலா சொன்ன பத்மா அக்காவுக்கு நன்றின்னு போட்டிருக்காரு. எனக்கு அது பிடிச்சிருக்கு. உங்களுக்கும் பிடிக்கும்னுதான் நினைக்கிறேன்.

அவரு போனப்புறம் உங்க லேப்டாப்ல மதில் கேள்விக்குக் கீழ நீங்க போட்டிருந்த "டிரா"வை அழிச்சுட்டு "வெள்ளை ஜெயம்"னு நானே அடிச்சேன். ரெண்டு எழுத்து அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அன்னைக்கு மத்தியானம் பூரா ஆச்சு.

உங்களுக்கு நான் எவ்வளவோ நன்றி சொல்லணும். ஆனா இப்ப எனக்கு இருக்கிற குறையைத்தான் சொல்லப் போறேன். இது தப்புக்கான்னு உங்க முன்னால வந்து நிக்கணும். நீங்க என்னைத் திட்டணும், உனக்கு என்னடி தெரியும்னு நீங்களும் ஒரு தரம் கேக்கணும். அப்புறம் போர்டை இழுத்து வச்சுப் பார்த்து, ஒரு கோட்டை, ரெண்டாவது கோட்டை, ராஜா நடக்கிறது எல்லாத்தையும் பார்த்து, "அடிப்பாவி, சரிதான்"னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிக்கணும். தான் தோத்ததுக்கு இந்த ஈப்போவுலயே அப்படிச் சந்தோசப்படக்கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. நான் ஜெயிச்ச அன்னைக்கு நீங்க இல்லையேக்கா.

மத்த கேள்விகளையும் ஒவ்வொண்ணா எடுக்கப் போறேன். அதுங்க எவ்வளவு நேரம் கேக்குதோ அவ்வளவு நேரம் கொடுப்பேன். உங்க விடை சரின்னா சரின்னு எழுதுவேன். தப்புன்னா உங்க பேரைச் சொல்லியே சலா போடுவேன், ஒருத்தருக்காகவும் மறைக்க மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

நீங்க கேளுன்னு சொன்னதால இன்னமும் கேட்டுக்கிட்டே இருக்கிற,
உங்க தங்கச்சி
செல்வி